ஆழம் 1.6 மீட்டர்

காலை ஐந்தரை.
அஜ்மானில் காற்று ஈரத்துணியாய் முகத்தில் ஒட்டுகிறது.
நாலாவது மாடிக் குளத்தின் விளிம்பில் குந்தி
குப்பியைத் தலைகீழாக முழங்கை ஆழத்துக்கு அமுக்கி
அங்கேயே நிமிர்த்தி எடுக்கிறேன்.
மேல்தண்ணீர் பொய் சொல்லும் என்று
பயிற்சியில் சொன்னார்கள்.

ஒரு மாத்திரை. இளஞ்சிவப்பு. குளோரின் இரண்டு.
இன்னொரு மாத்திரை. பி.எச். ஏழு புள்ளி நாலு.
வெப்பம் முப்பத்து மூன்று,
குளிர்விப்பானுக்கு மூச்சிரைக்கிறது.
நீலப் பேனா. கையெழுத்து: ம. சூசைராசு.
நாளுக்கு நாலு முறை
ஆயிரத்து முன்னூறு நாட்களாக
இந்தத் தண்ணீருக்கு நாடி பார்க்கிறேன்.

இறங்கியதில்லை.
பரீட்சைக்கு நான் நீந்தியது வேறு குளம்.
ஊழியர் குளிக்கத் தடை என்பது
சுவரிலுள்ள பதினேழு விதிகளில் பன்னிரண்டாவது,
அரபியில், ஆங்கிலத்தில், உருதுவில்.
யாராவது மூழ்கினால் மட்டும்
எனக்கு நீந்த அனுமதி.
ஆகவே நீந்த ஆசைப்படுவதும்
எனக்குப் பாவம்.

வெள்ளிக்கிழமை நாற்பத்தாறு டிகிரி.
தண்ணீரில் முப்பத்தெட்டுத் தலைகள்.
எண்ணுவதும் என் வேலைதான்,
முப்பத்தொன்பதாவது ஆளைப் படியிலேயே நிறுத்தியிருந்தேன்.
ஆழமில்லாத பக்கத்தில்
பழுப்பாய் ஏதோ மிதந்தது.
இலை என்று நினைத்தேன்.
நாலாவது மாடியில் ஏது மரம்?

விசில், மூன்று முறை.
எல்லோரும் வெளியே.
ஒரு பெண் தன் குழந்தையைத் துண்டில் சுற்றி,
அதன் முகத்தையும் சேர்த்துச் சுற்றி,
லிஃப்டுக்கு ஓடினாள்.
நான் ஏணியின் திருகாணியைச் சோதிப்பவன்போல்
குனிந்துகொண்டேன்.

பதினோராம் மாடிக்காரர்
வாடகை ரசீதோடு கீழே வந்து இந்தியில் கத்தினார்.
ஜோஷி வர்கீஸ் போனில் மெதுவாக,
பாதி மலையாளம் பாதி தமிழ்:
வலையால அள்ளிக் களை, அரை மணிக்கூர் அடைச்சிடு,
எழுத வேண்டாம் கேட்டியா,
எழுதினா முனிசிபாலிட்டி வந்து நிக்கும்.

அள்ளினேன். வலையையும் மருந்தில் ஊறப்போட்டேன்.
கதவைப் பூட்டி, பலகை தொங்கவிட்டு
எழுதினேன்:
மாலை 4.10. மலம். குளம் மூடப்பட்டது.
குளோரின் உயர்த்தப்பட்டது. வடிகட்டி இரவு முழுதும் ஓடும்.
காலைச் சோதனைக்குப் பின்னரே திறப்பு.
அடுத்த கட்டம், காரணமானவர் பெயர்.
அதில் மட்டும் ஒரு கோடு இழுத்தேன்.

செவ்வாயன்று வந்தே விட்டார்கள்.
ஒருவர்தான்: அல்-தய்யிப், சூடான்காரர்,
சட்டை முதுகில் வியர்வை ஒரு தேசப்படம்.
ஜோஷி கொடுத்த காப்பியைத் தொடவில்லை.
ஜூன் மாதம், நான் விடுப்பில் இருந்த வாரத்தில்
விரலை வைத்தார்.
ஏழு நாளும் ஒரே எண்.
'இது தண்ணீர் எழுதியதல்ல, பேனா எழுதியது.'
வெள்ளிக்கிழமைக்கு வந்ததும் நின்றார்.
கோடு இழுத்த கட்டத்தைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை. பக்கம் திரும்பியது.

பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு வட்டு.
ஆழமான பக்கத்தில் போட்டார்.
அது ஆடி ஆடி இறங்கித் தரையில் படுத்தது.
விளிம்பில் மூவரும் குனிந்து நின்றோம்.
தெரிந்தது.
ஓரம்கூடத் துல்லியமாக.
அதற்குப் பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது,
நூல் கட்டவில்லை.

நீள்கம்பு வலை எட்டியது, வட்டு வழுக்கியது,
இன்னொரு முறையும் வழுக்கியது.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் சுவரைப் பார்த்தேன்.
'பன்னிரண்டு எனக்கும் தெரியும்,' என்றார். 'இறங்கு.'

குளித்துவிட்டுத்தான் இறங்கினேன்;
அது ஒன்றாம் விதி.
உள்ளே சத்தமே இல்லை.
வட்டை எடுப்பதற்கு முன்
வடிகால் மூடியை விரலால் தடவினேன்.
நாலு திருகும் இறுக்கமாக இருந்தன.
இன்னும் மூச்சு மிச்சமிருந்தது.
அவசரப்படவில்லை.

மேலே வந்து, கை துடைத்து,
நீலப் பேனாவால் எழுதினேன்:
காலை 11.20. குளோரின் இரண்டு புள்ளி ஒன்று.
தண்ணீரில் ஆட்கள்: 1.